பேசும் விதம் உறவைக் கெடுக்குமா? பங்கு வீட்டு மராமத்தை வைத்து ஒரு பதில்

"பேசும் விதம் வேலையிலும் சொந்த வாழ்க்கையிலும் உறவை எப்படிப் பாதிக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டில் பங்கு வீட்டை, அதாவது பங்காளிகள் பலருக்கும் பொதுவான பூர்வீக வீட்டை, மராமத்துப் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். பங்காளிகளையும் கொத்தனாரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. உங்களுக்கும் ஊரில் பங்கு இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பங்காளிச் சண்டைக்குப் பணம்தான் காரணம் என்பார்கள். பாதிக்கு மேல் தொடங்குவது "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்பதில்தான். வாட்ஸப் குழுவில் போடும் முன் ஊரில் இருக்கும் மூத்த ஆச்சியிடம் போனில் பேசிவிடுங்கள். பிறகு குழுவில் என்ன வேலை, மொத்தம் எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் போடாதவரைச் சம்மதம் என்று கணக்கில் சேர்க்காமல் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கொத்தனாருக்கு "ரெண்டாம் கட்டுல ஒழுகுது, பாருங்கண்ணே" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் போதாது. எந்த மூலை, பழைய ஓடுகளையே திருப்பி மேய்வதா, உடைந்ததற்கு ஓடு யார் வாங்குவது, ஓடுகளைத் தாங்கும் மரச் சட்டம் உளுத்திருந்தால் யாரைக் கேட்பது, இவ்வளவும் சொல்ல வேண்டும். கடைசிக் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கும். ஓடுகளைப் பிரித்த பிறகுதான் சட்டம் உளுத்தது தெரியும். ஐப்பசி மாதம், கூரை திறந்து கிடக்கிறது, மழை கட்டுகிறது, நீங்கள் சிங்கப்பூரில் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். அவர் கையில் கிடைத்த மரத்தைப் போட்டு மூடுவார், நீங்கள் திட்டுவீர்கள். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. இவ்வளவு ரூபாய் வரை உங்கள் முடிவு, அதற்கு மேல் இன்னாரைக் கேளுங்கள் என்று ஒரே ஒருவரை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும்.

"சுவரைப் பூசிடுங்க" என்றால் சிமெண்டில் பூசிவிடுவார். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் அது உப்பிப் பெயரும். சுண்ணாம்புதான் என்று ரேட் பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை 10% கூடுதலாக ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். கையால் வார்ப்பது, அடுத்த தடவை அதே நிறம் வருவது கஷ்டம். பதித்தபின் ஆசிட் படக்கூடாது என்பதைத் தரை கழுவ வருகிற அம்மாவிடமும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

உறவுக்குள் எதற்கு எழுத்து, நம்பிக்கை இல்லையா என்று சிலர் கோபப்படலாம். கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொள்கிற ஊர் இது. பர்மாவிலும் மலாயாவிலும் பெட்டியடி (வட்டிக்கடை) நடத்தியவர்கள் கடிதத்தையும் ஐந்தொகைக் கணக்கையும் நம்பித்தான் கடல் தாண்டித் தொழில் செய்தார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய கதவும் தூணும் விலைக்கு நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. வேண்டாம் என்று விற்றவர்கள் விற்கட்டும், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. மற்ற பங்குக்காரருக்குத் தெரியாமல் ஒருவர் கழற்றி விற்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வேலை முடிந்த அன்றே பில், போட்டோ, மிச்சத் தொகை மூன்றையும் குழுவில் போடுங்கள். கொத்தனாருக்குப் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.