பத்துக்குப் பத்தில் தினமும் பறிக்கப் பூ

கேள்வி: "வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி மண் தரை இருக்கிறது. சாமிக்கும் தலைக்கும் மேசை ஜாடிக்கும் தினமும் பூ வேண்டும். என்னென்ன செடி வாங்கலாம்?"

நர்சரிக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்தச் செடி எப்போது பூக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் அன்று பூத்திருப்பதைப் பார்த்து வாங்கினால் தோட்டம் இரண்டு மாதம் நிறைந்திருக்கும், மிச்ச மாதமெல்லாம் இலைதான். குண்டுமல்லி மார்ச்சிலிருந்து ஜூன், ஜூலை வரை கொட்டும். மார்கழியில் அதை எதிர்பார்க்க முடியாது. சாமந்தி பகல் நேரம் குறைந்தால்தான் மொட்டு வைக்கும், எனவே ஆவணிக்குப் பிறகு தை வரைதான். இந்த இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியைச் சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் அடைக்கும்.

இடத்தை இப்படிப் பிரிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்து விழும் என்பதால் புதராக வளரும் மல்லி வடக்கு ஓரத்துக்குப் போகட்டும்: மூன்றரை அடி அகலத்தில், செடிக்குச் செடி நாலடி விட்டு மூன்று செடி. அடுத்து ஒன்றரை அடி நடைபாதை. அதை அடுத்து மூன்றடி அகலச் சம்பங்கிப் பாத்தி. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. விட்டால் இரண்டு வரிசையில் 30 கிழங்கு பிடிக்கும். மிச்சமுள்ள இரண்டடியில் பாதி சாமந்தி, பாதி துலுக்கச் சாமந்தி. இந்தக் கடைசிப் பாத்தியை வெளிப்பக்கம் நின்றுதான் பறிக்க வேண்டும், எனவே அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடமென்றால் இந்தக் கணக்கு செல்லாது. அரை நிழலில் கனகாம்பரம் தாங்கும், மல்லி தாங்காது.

மல்லிக்கு ஓரடிக் குழி வெட்டி, குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் கவாத்து கட்டாயம்: நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே உள்ளதை வெட்டிவிட வேண்டும். பாவம் பார்த்து நுனியை மட்டும் கிள்ளினால் சித்திரையில் வெறும் பச்சைப் புதர்தான் நிற்கும். உரம், வளர்ந்த செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120. பாதி கவாத்து முடிந்ததும், பாதி ஜூன், ஜூலையிலும். யூரியாவைக் கூட்டினால் இலை கொழுக்கும், மொட்டு குறையும். இலை நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாகிறதா? அது இரும்புச்சத்துக் குறை. உப்பு ஏறிய போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அடிக்கடி வரும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளியுங்கள். அதற்கு முன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்துவிடுங்கள். சிவப்புச் சிலந்தி இருந்தாலும் இலை வெளுக்கும், அதற்கு இரும்பு உதவாது.

சம்பங்கிக் கிழங்கு 25 முதல் 30 கிராம் எடை இருக்கட்டும். அதைவிடச் சிறியது ஒரு வருடம் இலையாகவே நிற்கக்கூடும். பறித்த கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு ஜூன், ஜூலையில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் தண்டு வரும். மாலைக்கும் மணத்துக்கும் ஒற்றை அடுக்கு, ஜாடிக்கு இரட்டை அடுக்கு. செடி காரணமில்லாமல் சோர்ந்தால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்; முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்த முறை சம்பங்கி வேண்டாம், துலுக்கச் சாமந்தி போடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும்.

சாமந்தியின் பக்கக் கன்றுகளை ஏப்ரல், மே மாதத்தில் ஓரடி இடைவெளியில் நட்டு, நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். இரவில் தெருவிளக்கோ வாசல் விளக்கோ அதன்மேல் விழக்கூடாது. செடி அதை நீண்ட பகலாக எடுத்துக்கொண்டு மொட்டு வைக்காமலே நிற்கும். 'எத்தனை உரம் போட்டும் பூக்கவில்லை' என்பவர்கள் ராத்திரி ஒருமுறை தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. தை முடிந்ததும் அந்த இடத்தில் ஜின்னியா விதையை நேரடியாகத் தூவினால் இரண்டு மாதத்தில் வெட்டலாம்.

ரோஜாவை விட்டது வேண்டுமென்றேதான். கரும்புள்ளிக்கும் இலைப்பேனுக்கும் மாறி மாறி மருந்தடிக்க நேரமிருப்பவர்கள் வைக்கட்டும், தடுக்கவில்லை. இந்த அளவுகள் செம்மண்ணுக்குச் சொன்னவை. கரிசலில் பாத்தியை உயர்த்திப் போடாமல் இதே முறையில் நட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

மல்லியைத் தெருச் சுவரோரம் வைக்கச் சொல்லாததற்கும் காரணம் உண்டு. விடியற்காலையில் பையோடு வந்து, அடுத்தவர் சுவரைத் தாண்டிக் கிளையை வளைத்துப் பறித்துப் போகிற பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. 'சாமிக்குத்தானே' என்பார்கள். வளர்த்தவர் வீட்டிலும் சாமி இருக்கிறது. போன பூவாவது நாளை வரும்; இழுத்த இழுப்பில் ஒடிந்த கிளை அந்தப் பருவம் முழுக்கப் பூக்காது. சுவரோரத்துக்கு நந்தியாவட்டை போதும். அரளியும் வைக்கலாம், ஆனால் அதில் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தையோ மாடோ எட்டும் இடமென்றால் வேண்டாம்.

பறிப்பதற்கு வருவோம். மல்லியை வெயில் ஏறுமுன், அன்று மாலை விரியப்போகிற முற்றிய வெள்ளை மொட்டாக எடுங்கள். நெருக்கமாகத் தொடுத்தால் ஒரு முழத்துக்கு நூறு மொட்டுக்குக் குறையாது, மூன்று செடியிடம் தினம் மூன்று முழம் கேட்காதீர்கள். சம்பங்கித் தண்டை அடியில் இரண்டு பூ விரிந்ததும் வெட்டலாம். ஜின்னியாவுக்குப் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, ஜாடியில் அன்றே துவளும். வாளித் தண்ணீரைத் தோட்டத்துக்கே கொண்டுபோய், வெட்டிய கையோடு தண்டை அதில் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக்கூடாது. துலுக்கச் சாமந்தித் தண்டு தண்ணீரைச் சீக்கிரம் நாறடிக்கும். அதைத் தனி ஜாடியில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, தண்டின் அடியை அரை அங்குலம் சாய்வாக வெட்டிவிடுங்கள்.