சிறையை விட்டு வந்ததும் எச்ஐவி சிகிச்சை ஏன் அறுந்துபோகிறது?

சிறையில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்கள் வெளியே வந்ததும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிறைகளிலிருந்து 2004–2007 காலத்தில் விடுதலையான, எச்ஐவி மருந்து எடுத்துவந்த 2,115 பேரை ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது தீர்வதற்குள் மறுபடி மருந்து வாங்கியவர்கள் சுமார் 5 சதவீதம்தான். 60 நாள் கழித்தும் 30 சதவீதம்.

அங்கே சிறைக்குப் போனால் அரசு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நின்றுவிடும். திரும்பப் பெற விண்ணப்பம், அடையாள அட்டை, முகவரி வேண்டும். படுக்கவே இடமில்லாதவர் எந்த முகவரியைக் கொடுப்பார்? பொது விடுதியில் மாத்திரை டப்பா திருடுபோகும். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் வேறு. இதற்கிடையில் மருந்து நின்றால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகிவிடும்.

அதே ஆய்வில், வசதியில்லாதவர்களுக்கு எச்ஐவி மருந்து தரும் அரசு உதவித் திட்டத்தின் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யக் கைகொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மருந்து வாங்கினார்கள். அப்புறம், பரோலில், அதாவது கண்காணிப்பின் கீழ் முன்கூட்டியே விடுதலையாகி, வந்தவர்களும் அப்படித்தான்.