ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் (உள்நாட்டு வறண்ட பகுதி) மண்சாலையில் போகும்போது ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குள் புழுதி வராமல் தடுப்பது எப்படி?

குடும்பத்தோடு ஊட்னடட்டா டிராக் என்ற தெற்கு ஆஸ்திரேலிய மண்சாலையில் போகப்போகிறோம், பின்கதவு ரப்பரை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ரப்பர் இரண்டாவது வேலைதான். முதலில் டாஷ்போர்டில் இருக்கும் ஏசி பட்டன்களைக் கவனியுங்கள்.

நாங்கள் அடிலெய்டில் இருக்கிறோம். முதல் தடவை அந்தச் சாலையில் மரீயிலிருந்து மார்லா வரை, சுமார் 620 கிலோமீட்டர், எந்த ஏற்பாடும் இல்லாமல் கிளம்பினோம். அன்று சாயங்காலம் வழியில் இருக்கும் வில்லியம் கிரீக் என்ற சின்ன ஊரில் பின்கதவைத் திறந்தால் மகளின் தலையணை செங்கல் நிறத்தில் இருந்தது. விரலை வைத்து இழுத்தால் கோடு விழுந்தது. அவளுக்கு வீசிங் உண்டு. ராத்திரி முழுக்க இருமிக்கொண்டே இருந்தாள். இன்ஹேலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் விரிவாக எழுதத் தோன்றியது.

புழுதி எப்படி உள்ளே வருகிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கத்திலிருந்து வருவதில்லை. பெட்டி போன்ற வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துவிடும். சக்கரம் கிளப்பும் மண்ணெல்லாம் அந்த இடத்தில்தான் சுழன்று வந்து பின்கதவில் அப்பிக்கொள்ளும். வண்டிக்குள் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால், இருக்கிற ஒவ்வொரு சந்து வழியாகவும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதே சந்து வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும். புழுதியால் எதிர்த்து நுழைய முடியாது.

ஆகவே எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுங்கள். ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, ஃபேனை நடுத்தரத்துக்கு மேலே ஓடவிடுங்கள். புழுதியைப் பார்த்ததும் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அழுத்துவதுதான் எல்லோருக்கும் கை பழக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படி வைத்தால் புதுக்காற்று வருவது நின்று, உள்ளே அழுத்தம் ஏறவே ஏறாது. எதிரே ஒரு ரோடு டிரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரி) வந்து கடக்கும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் அதைப் போட்டுக்கொள்ளலாம். முன்னால் பார்க்கவே முடியாத அளவு புழுதி என்றால் வேகத்தைக் குறைத்து இடது ஓரமாக ஒதுங்கி, அடங்கியபின் கிளம்புங்கள். அப்போது ஹெட்லைட் எரியட்டும். ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் லேசாக இறக்கிவைப்பது கூடவே கூடாது. ஏற்றிய அழுத்தமெல்லாம் அதன் வழியாகப் போய்விடும்.

இதெல்லாம் வேலை செய்ய வேண்டுமென்றால் கேபின் ஃபில்டர், அதாவது வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர், சுத்தமாக இருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் ஃபேன் எவ்வளவு இரைந்தாலும் காற்று வராது. கிளம்பும் முன் புதிது போட்டு, உபரியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரப்பருக்கு வருகிறேன். ஒரு துண்டுத் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ஓட்டை. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். இங்கே டாலர் நோட்டெல்லாம் வழுவழுப்பான பிளாஸ்டிக், அது உதவாது. கடை ரசீதே போதும். ராத்திரியில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ரப்பர் ஓரமாக டார்ச் அடிக்க, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரிந்துவிடும்.

எங்கள் வண்டியில் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இடது பின்மூலையில் மட்டும் புழுதி சேர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் அந்தப் பக்கத்து உள்தகட்டைக் கழற்றினேன். வெள்ளை இரும்பின் மேல் செம்மண் ஒரு விசிறி விரித்த மாதிரி படிந்திருந்தது. விசிறியின் காம்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே போனால் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. டிரெய்லருக்கு ஒயர் இழுத்தவர் அதன் ரப்பர் மூடியைத் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார். சில டாலர் மூடி அது. உங்கள் வண்டியிலும் இப்படிப் புழுதிக் கோடு இருந்தால் துடைத்துவிடாதீர்கள், அதுவே வழி காட்டும். பின் பம்பருக்கு உள்ளே, காற்று வெளியேற ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் இருக்கும். அதில் மண் சிக்கி மடல் மூடாமல் நிற்பது சகஜம். சுத்தம் செய்துவிடுங்கள், டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். காற்று வெளியேற அந்த வழி வேண்டும்.

வழியில் தினமும் மாலையில் ஈரத்துணியால் கதவு ரப்பரையும் அது உட்காரும் இரும்பு விளிம்பையும் துடைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. அங்கே மணல் நறநறவென்று இருந்தால் எவ்வளவு புது ரப்பரும் சரியாக ஒட்டாது. சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடித்துத் துடைத்துவிட்டால் ரப்பர் மிருதுவாகவே இருக்கும். கிரீஸ் மட்டும் தடவாதீர்கள், மண் அதிலேயே பிடித்துக்கொள்ளும்.

புல்டஸ்ட் என்று ஒன்று சொல்வார்கள். திருநீறு மாதிரி நைசான மண், பெரிய பள்ளத்தையே மூடிச் சமதரை போலக் கிடக்கும். அதில் வேகமாக விழுந்தால் புழுதி கிடக்கட்டும், சஸ்பென்ஷனே போய்விடும். மெதுவாகவே போங்கள். எஞ்சின் ஏர் ஃபில்டரையும் அன்றன்றைக்குக் கழற்றித் தட்டிவிடுங்கள். முன்னால் போகும் வண்டியின் புழுதிக்குள் ஓட்டவே வேண்டாம், நன்றாகப் பின்தங்கிக்கொள்ளுங்கள். காற்றே இல்லாத காலை வேளையில் புழுதி சாலை மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் செய்தபின்னும் பொடி கொஞ்சம் வரத்தான் செய்யும். அதனால் படுக்கை, தலையணை, குழந்தை உடுப்பு, மருந்து எல்லாம் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியிலோ ஜிப் வைத்த பையிலோ போகட்டும். வண்டியை நிறுத்திய உடனே பின்கதவைத் திறக்காதீர்கள். பின்னாலேயே துரத்தி வந்த புழுதி அப்போதுதான் வந்து சேரும்; ஒரு நிமிடம் பொறுங்கள்.

கேரவன் இழுத்துக்கொண்டு போனால் ஒன்று கட்டாயம் கவனியுங்கள். கதவுக்குக் கீழே இருக்கும் காற்றோட்டத் துவாரங்கள் கேஸ் கசிந்தால் வெளியேற வைத்தவை. புழுதிக்குப் பயந்து அவற்றை நிரந்தரமாக அடைத்துவிட்டு உள்ளே அடுப்பு பற்றவைத்தால் உயிருக்கே ஆபத்து. கூரையில் முன்னோக்கித் திறக்கும் ஹேட்ச் (திறப்பு மூடி) வைத்து, ஓடும்போது காற்றை உள்ளே தள்ளி அழுத்தம் ஏற்றுவதுதான் அதற்குச் சரியான வழி.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் பக்கத்தில் ஏதாவது மண்சாலையில் ஒரு 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாவது பயணத்துக்கு முன் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். அந்தத் தடவை மகள் வில்லியம் கிரீக்கில் விடியும்வரை தூங்கினாள்.