ஷோல்டர் பிரஸ்: உட்கார்ந்தா, நின்றா?

டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது உட்காருவதா நிற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகைப் பெஞ்சில் சாய்த்து உட்கார்ந்தால், உடம்பு ஆடாமல் பிடித்துவைக்கும் வேலையைப் பெஞ்சே பார்த்துக்கொள்ளும், அதனால் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல் எடை தூக்கலாம். நின்றால் வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் இறுக வேண்டும்; தூக்கும் எடை குறையும், ஆனால் உடம்பு முழுக்க வேலை செய்யும்.

நிற்பதில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. எடை ஏறியதும் நமக்கே தெரியாமல் முதுகைப் பின்னால் வளைத்து, தோளின் வேலையில் ஒரு பகுதியை நெஞ்சுக்குத் தள்ளிவிடுவோம். ஒலிம்பிக் பளுதூக்குதலிலேயே இந்த வளைசல் எல்லை மீறிப் போய், நடுவர்கள் எது சரி எது தப்பு என்று சொல்ல முடியாமல் திணறி, 1972 மியூனிக் போட்டியோடு பிரஸ் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

நான் நின்றுதான் செய்கிறேன். நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலி, அப்புறம் பெங்களூரு சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வண்டி, வீடிருக்கும் பக்கமான அல்சூருக்கு வந்து ஜிம்மிலும் உட்காரணுமா? (ஏழு மணிக்குப் பெஞ்சும் கிடைக்காது, அது வேறு.) அடிமுதுகு வலி இருந்தால் மட்டும் சாய்ந்து உட்கார்ந்தே செய்யுங்கள், பெஞ்சை நேர் செங்குத்தாக வைக்காமல் ஒரு படி சரித்து.