காசியில் புதுக் கட்டுமானங்களால் உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

பெரிய மாற்றம் விசுவநாதர் கோயிலைச் சுற்றித்தான். முன்பு கங்கையில் முழுகிவிட்டு, எதிரே மாடு வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளில் புகுந்துதான் கோயிலுக்குப் போக முடியும். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகத்தில், லலிதா படித்துறையிலிருந்து நேரே படியேறி வந்துவிடலாம். இதற்காக 300க்கும் மேற்பட்ட கட்டடங்களை விலைக்கு வாங்கி இடித்தார்கள். வீடுகளுக்குள் மறைந்திருந்த 40க்கும் மேற்பட்ட சின்னக் கோயில்கள் அப்போதுதான் வெளியே தெரிந்தன. கூட்டத்துக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்துகளும் காசிதானே!

அப்புறம், கன்டோன்மென்ட் ரயில் நிலையத்திலிருந்து, கோயிலுக்குப் பக்கத்து நாற்சந்தியான கொதௌலியா வரை சுமார் 4 கி.மீ. ரோப்வே திட்டம். சாலையை அகலப்படுத்த இடமில்லாத ஊரில் தலைக்கு மேலே போவதுதான் வழி. கொதௌலியா நெரிசலில் ரிக்‌ஷாவில் சிக்கியவர்களுக்கு இது புரியும்.