பலாலியா, கட்டுநாயக்கவா?

கேள்வி: அம்மாவுக்குக் கண் காட்டச் சென்னைக்குப் போகவேண்டும். நாங்கள் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து போகும் தூரத்தில் பாதிதான் என்கிறார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டுக்கும் பயண நேரம் கிட்டத்தட்ட ஒன்று. பிழையாகப் போட்டிருக்கிறார்களா? எங்களுக்கு எது வசதி?

பதில்: பிழை இல்லை. நேர்கோட்டில் பலாலி–சென்னை சுமார் 350 கிலோமீற்றர். கட்டுநாயக்க–சென்னை 640ஐத் தாண்டும். ஆனால் பலாலிக்கு வந்துபோவது ஏ.டி.ஆர். விமானம். இறக்கையில் விசிறி சுற்றுமே, அந்த வகை. மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். கட்டுநாயக்கவில் நீங்கள் ஏறுவது பெரும்பாலும் ஜெட்; 800க்கு மேல் பறக்கும். அதோடு, டிக்கெட்டில் உள்ளது வானில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்திய இடத்தை விட்டு நகர்வதிலிருந்து சென்னையில் போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதற்குள் அடக்கம். அதனால்தான் பலாலியிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம், கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரைக்குள். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீனன்குடாவிலிருந்து சென்னை 500 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்க போகிறவர் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்படுகிறார்!

சரி, உங்கள் நாளைத் தின்னப்போவது தரைவழிதான். அதிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 240, 250 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்கு ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் வழி. ஊர்நெரிசல் உண்டு, இரவில் ஹபறணைப் பக்கம் யானைக்கும் வழிவிடவேண்டும். கொழும்புக்குள் போய்த் திரும்பி வராமல் குருநாகலிலேயே நீர்கொழும்புப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். பலாலிக்கு ஹொரவப்பொத்தானை, வவுனியா போய் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதையில் ஏறினால் ஓட்டம் சீராக இருக்கும்.

வாடகை வான் வண்டிக்குப் பேசும்போது கவனம்: உங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் காசு கேட்பார்கள். அதையும் டிக்கெட்டோடு கூட்டிப் பார்த்த பிறகு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், போகும்போது பலாலி. பகல் விமானமாகக் கிடைத்தால் காலையில் புறப்படலாம், அம்மாவின் நித்திரை கெடாது. ஆனால் அன்றைய விமானம் ரத்தானால் அங்கே மாற்று விமானம் கிடைப்பது கஷ்டம். கட்டுநாயக்கவில் ஒரு நாளில் பல உண்டு. டாக்டரிடம் நாள் வாங்கியிருந்தால் ஒரு நாள் முந்தியே போய்விடுங்கள். திரும்பும் வழிக்கு, பொதி எத்தனை கிலோ என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். சென்னையிலிருந்து வெறும் பையோடு வந்த திருகோணமலையாரை நான் இன்னும் காணவில்லை.