வலிக்கிறதே, உள்ளே வைத்த மூட்டு கழன்றுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 66. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், நான்கு வாரங்களுக்கு முன் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். காலை ஊன்றி நடக்கலாம் என்றுதான் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் ஊன்றினால் தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. முழங்காலும் வலிக்கிறது. உள்ளே வைத்தது கழன்றுவிட்டதோ, மறுபடி விழுந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து படுக்கையிலேயே கிடக்கிறேன். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்கிறார்கள். அதனால் தாங்க முடியாதபோது மட்டும் போட்டுக்கொள்கிறேன். இரவில் தூக்கமே இல்லை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நான்காவது வாரத்தில் வலி இருக்கத்தான் செய்யும். மேலே தையல் பிரித்த இடம் ஆறிவிட்டதைப் பார்த்து உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மூட்டை வைப்பதற்காக விலக்கிய தசைகளும், அறுத்துத் தைத்த சவ்வும் பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். பெரும்பாலோருக்கு ஆறு வாரத்தில் வலி நன்றாகக் குறையும். மிச்சமிருக்கும் சிறு வலியும் விறைப்பும் மூன்று, ஆறு மாதம் வரை வந்து போகும். முழங்கால் வலிக்கும் காரணம் இருக்கிறது: இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் சில முழங்காலுக்கும் போகின்றன. அதனால் இடுப்பின் வலி முழங்காலில் தெரிவது உண்டு.

கழன்றுவிட்டதோ என்ற கேள்விக்கு வருகிறேன். மூட்டு நழுவினால் அது சந்தேகமாக இருக்காது. திடீரென்று உயிர் போகிற வலி வரும். கால் குட்டையானதுபோலத் தெரியும், பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும், ஊன்றவே முடியாது. உங்களுக்கோ வலித்தாலும் ஊன்ற முடிகிறது. ஊன்றி நடக்கலாம் என்று உங்கள் மருத்துவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் எடையை மூட்டு தாங்கும் என்ற நிச்சயம் இல்லாமல் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

இந்த வலி உங்கள் மனப்பிரமை இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே அளவு காயம் எல்லா நேரமும் ஒரே அளவு வலிப்பதில்லை. பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மூளை அதே சமிக்ஞையைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. வலிக்குப் பயந்து படுத்தால் தொடைத் தசை இளைக்கிறது, மூட்டு விறைக்கிறது. மறுநாள் எழுந்து நின்றால் நேற்றைவிடக் கூடுதலாக வலிக்கிறது. பார்த்தீர்களா, நினைத்தது சரிதான் என்று மறுபடி படுத்துக்கொள்கிறோம். அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தும் நடை தேறாமல் வருகிறவர்களில் பலரிடம் இந்தச் சுழலைப் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து வெளியே வர முதலில் மாத்திரையைச் சரி செய்யுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடும் மாத்திரை பாதி வேலைதான் செய்யும். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்திருந்தால், சீட்டில் உள்ள அளவை நேரம் தவறாமல் போடுங்கள். அந்த அளவுக்குள் அது சிறுநீரகத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பானதே. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கை டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளுக்குப் பொருந்தும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள நீங்கள் அவற்றைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. சீட்டில் டிரமடால் என்ற வலி மாத்திரை இருந்தால் தலைச்சுற்றலும் மலச்சிக்கலும் வரலாம். அதைப் போட்ட இரவில் தனியாக எழுந்து கழிவறைக்குப் போகாதீர்கள்.

பயிற்சிக்கும் நடைக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் மாத்திரை வேளை வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலியைக் கேட்டு நடக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நடங்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளில் ஐந்தாறு முறை. வலி குறைந்திருக்கிறதே என்று ஒரே நாளில் தெருக்கோடி வரை போய்வர வேண்டாம். நடக்கும்போது வலித்து, ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கினால் கவலை இல்லை. மறுநாள் காலை வரை கூடுதலாகவே இருந்தால் அன்றைக்கு நடையைக் கொஞ்சம் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

நாற்காலியிலிருந்து எழுவதுதான் பலரும் பயப்படுகிற கட்டம். கைப்பிடியுள்ள, சற்று உயரமான நாற்காலியாக இருக்கட்டும். முதலில் விளிம்புக்கு நகருங்கள். ஆபரேஷன் ஆன காலைச் சற்று முன்னால் நீட்டி வையுங்கள். வாக்கரைப் பிடித்து இழுக்காமல், நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுங்கள். எழும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள்; பயத்தில் மூச்சை அடக்கி, தோளைத் தூக்கி, உடம்பை முறுக்கிக்கொள்வதாலேயே பாதி வலி வருகிறது. நின்று நிதானித்து, வாக்கர், பிறகு அந்தக் கால், பிறகு நல்ல கால். தரையில் உட்காருவது, கால் மேல் கால் போடுவது, குனிந்து பொருள் எடுப்பது எல்லாம் உங்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை வேண்டாம். இரவில் இரண்டு தொடைகளுக்கும் நடுவே தலையணை வைத்துப் படுங்கள்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லும் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரோ ஒருவருக்கு ஆபரேஷன் ஆகி எழுந்திருக்கவே இல்லை என்ற கதை ஊருக்கு ஒன்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டு காபி குடித்துக் கிளம்பிவிடுவார்கள்; அன்று இரவு விழித்திருப்பது நீங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காலில் ரத்தம் உறைந்திருந்தால் உருவுவது ஆபத்து. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் சூடும் சேர்ந்து வந்தால், காய்ச்சலோடு தையல் இடம் சிவந்து நீர் கசிந்தால், அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், மூட்டு நழுவியதற்கு மேலே சொன்ன அறிகுறி தெரிந்தால், உடனே 108. இவை எதுவும் இல்லாத வலியை நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது, வலியைவிட மறுபடி விழுவதுதான் உங்களை அதிகம் உலுக்குகிறது என்று தோன்றியது. அதற்கு ஆறுதல் வார்த்தை போதாது, வீட்டில் வேலை இருக்கிறது. குளியலறையில் சுவரோடு கைப்பிடி, வழுக்காத ரப்பர் விரிப்பு, உயரமான கமோடு, படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடச் சொல்லுங்கள். புடவையோ நைட்டியோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். முதல் வாரம் யாராவது பக்கத்தில் வரட்டும். கையைப் பிடிக்க வேண்டாம், உடன் நடந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்குத் தூக்கமும் பசியும் திரும்பாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இந்த வயதில் இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மூட்டை மாற்றியதால் அது குணமாகாது. அடுத்த முறை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கும்போது எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, எலும்பு மெலிவுக்கான மருந்து மூன்றையும் நீங்களே கேளுங்கள்.